கடலுக்கு வந்து சேரும் ஆகாயத்தாமரை

வடகிழக்குப் பருவமழை வலுத்து, கூவத்திலும் அடையாற்றிலும் வெள்ளம் புரண்டோடிய பிறகு, சென்னையின் நொச்சிக்குப்பத்துக் கரையில் பச்சைக் குவியல்கள் ஒதுங்கும். தடித்த தண்டுகள், வட்ட இலைகள், கறுத்த வேர்க்கொத்துகள். அவற்றுக்குள் சிக்கிய பிளாஸ்டிக் பைகள், பாட்டில்கள், தெர்மாகோல் துண்டுகள். சில சமயம் ஆற்றிலிருந்து இழுத்து வரப்பட்ட தண்ணீர்ப் பாம்பு. இதில் எதுவும் கடலில் விளைந்ததல்ல. எங்கோ ஓர் ஏரியிலும் கால்வாயிலும் மாதக்கணக்கில் வளர்ந்த ஆகாயத்தாமரையை வெள்ளம் கிளப்பி, முகத்துவாரம் வழியே கடலுக்குத் தள்ள, அலை அதைக் கரையேற்றிவிடுகிறது.

நொச்சிக்குப்பம் அமைந்திருக்கும் இடம் அப்படி. வடக்கே நேப்பியர் பாலத்தருகே கூவம் கடலில் கலக்கிறது. தெற்கே சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் இடையே அடையாறு கலக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையோரம் நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். அப்போது கூவம் கொண்டுவந்தது இந்தப் பக்கம் வரும். காற்றும் ஓட்டமும் திரும்பினால் அடையாறு கொண்டுவந்ததும் வந்து சேரும்.

வந்து சேரும் காலம்தான் கொடுமை. புதுவெள்ளம் கடலில் இறங்கும் நாட்களில் கழிமுகத்தில் வளர்ந்த இறால் கடலுக்கு நகரும். மீனவர்கள் காத்திருக்கும் பருவம் அது. கடலில் விரித்த வலையில் மீனுக்குப் பதில் செடி நிறைந்தால் வலையை இழுக்க முடியாது, இழுத்தாலும் கிழியும். வேரும் தண்டும் கண்ணிக்குள் பின்னிக்கொண்டு, எடுத்துச் சுத்தம் செய்ய ஆள் பலம் வேண்டும், ஒரு நாள் பிழைப்பு போகும். ஃபைபர் படகின் இன்ஜின் விசிறியில் சுற்றினால் நடுவில் நிறுத்தி, கையால் அறுத்து எடுத்த பிறகே நகர முடியும். இந்தச் செடியை வளர்த்ததில் குப்பத்து மக்களுக்குப் பங்கில்லை. நகரம் தன் கழிவுநீரை ஊற்றி வளர்த்தது. அதன் செலவு ஆற்றின் கடைசியில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. ஆகாயத்தாமரையைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த அநீதியிலிருந்து தொடங்குவதே நியாயம்.

இந்தச் செடியின் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. நீண்ட காலம் ஐகோர்னியா கிராசிப்பஸ் என்ற அறிவியல் பெயரில் அறியப்பட்டது. இப்போது தாவரவியலாளர்கள் பொன்டெடெரியா கிராசிப்பஸ் என்று எழுதுகிறார்கள். அதன் சொந்த ஊரில் இது ஓர் அடங்கிய செடி. ஆண்டுதோறும் நீர்மட்டம் ஏறி இறங்கும் வெள்ளச் சமவெளியில் மற்ற நீர்த்தாவரங்களோடு போட்டியிட்டு வாழ்கிறது. இலையைத் தின்னும் வண்டுகள், தண்டைத் துளைக்கும் புழுக்கள், சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன்கள், நோய் தரும் பூஞ்சைகள் எல்லாம் அதனோடு சேர்ந்தே பரிணமித்தவை. அங்கிருந்து அழகுச் செடியாக எடுத்துச் செல்லப்பட்டபோது செடி மட்டும் பயணப்பட்டது. அதன் எதிரிகள் அமேசானிலேயே தங்கிவிட்டன.

பயணத்துக்குக் காரணம் அதன் பூ. 1884-85-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த பருத்திக் கண்காட்சியை ஒட்டி அது அங்கே பரவியது என்பார்கள். சில ஆண்டுகளிலேயே லூசியானா, ஃபுளோரிடா மாநிலங்களின் ஆறுகளில் படகு போக முடியாத நிலை வந்தது. 1910-ல் ராபர்ட் புரூசார்ட் என்ற லூசியானா உறுப்பினர், ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குமதி செய்து இந்தச் செடியைத் தின்ன வைக்கலாம், இறைச்சித் தட்டுப்பாடும் தீரும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

இந்தியாவுக்கு 1890-களில் வங்காளம் வழியாக வந்தது. இருபதே ஆண்டுகளில் கிழக்கு வங்கத்தின் ஆறுகளும் நெல்வயல்களும் அதனால் மூடப்பட்டன. படகுப் போக்குவரத்து முடங்கியது. ஆழநீர் நெல் நாசமானது. 1921-ல் இதை ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1936-ல் வங்காள ஆகாயத்தாமரைச் சட்டம் வந்தது. செடியை வளர்ப்பது தடை செய்யப்பட்டது. தன் நிலத்தில் இருப்பதை அகற்றுவது உரிமையாளரின் கடமை ஆக்கப்பட்டது. 1937 தேர்தலில் அரசியல் கட்சிகள் இந்தச் செடியை ஒழிப்போம் என்று வாக்குறுதி கொடுக்கும் அளவுக்கு அது மக்கள் பிரச்சினையாக இருந்தது.

ஊர் மாறினால் செடியின் குணமும் மாறும் என்பதற்கு எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. நம் மலைகளில் இயல்பாக வளரும் முட்செடிகளில் ஒன்று ரூபஸ் நிவியஸ். பிளாக்பெர்ரியின் பேரினத்தைச் சேர்ந்தது, மைசூர் ராஸ்பெர்ரி என்று உலகம் அழைப்பது. கலாபகோஸ் தீவுகளுக்குப் பழத்துக்காகக் கொண்டுபோகப்பட்ட அது, அங்கே மனிதர் நுழைய முடியாத முட்புதராகப் பெருகி, உலகில் வேறெங்கும் இல்லாத அத்தீவின் மரக்காடுகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, மண்ணுக்குள் விதைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, வெட்டிய இடத்திலேயே மீண்டும் முளைக்கிறது. அங்குள்ளவர்கள் இந்தியச் செடியைச் சபிக்கிறார்கள். நாம் அமேசான் செடியைச் சபிக்கிறோம். குற்றம் செடியிடம் இல்லை. தடைகள் இல்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்து, தேவைக்கு மேல் தீனியும் கொடுத்த கைகளிடம்தான் இருக்கிறது.

ஆகாயத்தாமரையை அடையாளம் காண்பது சுலபம்போலத் தோன்றும். ஆனால் ஆட்கள் குளத்தில் இறங்கித் தூர் வாரும்போது வேண்டாததோடு வேண்டியதும் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே நின்று பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை சேற்றில் ஊன்றாமல் மிதக்கும். இலை வட்டமாக, தடிப்பாக, பளபளப்பாக, நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். இலைக்காம்பின் அடி உப்பிப் பஞ்சுபோல இருக்கும்; உடைத்தால் உள்ளே காற்றறைகள். இந்த உப்பலால்தான் பலர் இதை வெங்காயத்தாமரை என்கிறார்கள். கூட்டம் நெருக்கமாகிவிட்டால் இந்த அடையாளம் மறைந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்: செடிகள் ஒன்றையொன்று தள்ளி மேலே எழும்பும்போது காம்பு மெலிந்து, முழங்கால் உயரத்துக்கும் மேலே நீளும். அப்போது வேரைத் தூக்கிப் பார்ப்பதே வழி. கறுப்பும் ஊதாவும் கலந்த, இறகு இறகாகப் பிரிந்த வேர்க்கொத்து நீருக்குள் தொங்கும். பூ வெளிர் ஊதா. ஆறு இதழ்களில் மேலிதழில் மட்டும் நீலத் திட்டும் அதன் நடுவே மஞ்சள் பொட்டும், மயிற்பீலிக் கண்ணைப் போல.

சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்று சொல்வது வேறொரு செடியை. அது பிஸ்டியா. காம்பே இல்லாமல், வெல்வெட் போன்ற வெளிர் பச்சை இலைகள் ரோஜா இதழ் அடுக்கில் விரிந்து, நீரோடு ஒட்டி மிதக்கும். அதுவும் கழிவுநீரில் பெருகக்கூடியதே. ஆனால் அல்லி, தாமரை, வள்ளைக்கீரை, கருங்குவளை ஆகியவை நம் குளங்களுக்கு உரியவை. இவற்றில் கருங்குவளைதான் அதிகம் குழப்பம் தரும். ஆகாயத்தாமரையின் உறவுச் செடி, நீலப் பூ, பளபளக்கும் இலை. ஆனால் அது சேற்றில் வேரூன்றி நிற்கும், காம்பு உப்பாது, பூவில் மஞ்சள் பொட்டு கிடையாது. இந்தச் செடிகளின் இடையில்தான் தாழைக்கோழியும் இலைக்கோழியும் கூடு வைக்கின்றன. பச்சையாகத் தெரிவதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டால் காலியான நீர்ப்பரப்பை முதலில் பிடிப்பது மீண்டும் ஆகாயத்தாமரையாகத்தான் இருக்கும்.

இன்னொரு அடையாளமும் தெரிந்திருக்க வேண்டும். அதை யாரும் தேடுவதில்லை. பூத்து முடிந்த பூந்தண்டு வளைந்து நீருக்குள் தலை கவிழும். விதைகள் அங்கேயே உதிர்ந்து சேற்றில் அமிழும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை தரும். அவை பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். கோடையில் ஏரி வற்றி, ஓரத்துச் சேறு வெளியே தெரிந்து, பிறகு ஒரு மழையில் நனையும்போது அவை முளைக்கும். அந்த நாற்றுக்கு வட்ட இலையும் இல்லை, உப்பிய காம்பும் இல்லை; சின்னஞ்சிறிய, குறுகிய இலைகளோடு ஈரச் சேற்றில் ஒட்டிக்கிடக்கும். புல் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். முந்தைய ஆண்டு முழுவதுமாக அகற்றிய ஏரியில் செடி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கே இருக்கும்.

ஆனால் அது பெருகுவதற்கு விதை அவசியமே இல்லை. தாய்ச்செடியின் அடியிலிருந்து ஒரு கொடி பக்கவாட்டில் ஓடி, நுனியில் குட்டிச் செடி விடும். கொடி அறுந்தால் குட்டி தனிச்செடி. உலகின் பல நாடுகளில் உள்ள ஆகாயத்தாமரைகளின் மரபணுவை ஒப்பிட்டபோது, அமேசானுக்கு வெளியே பரவியிருப்பதில் பெரும்பகுதி ஒரே செடியின் வாரிசுகள்தான், விதையின்றிப் பிரிந்து பிரிந்து வந்தவைதான் என்று தெரிந்தது. வெப்பமும் சத்தும் சரியாக அமைந்தால் அதன் எண்ணிக்கை ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். இரண்டு வாரம் என்றே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மே மாத நடுவில் ஒரு குட்டையில் பத்துச் செடி. இருபது வாரத்தில் பத்து முறை இரட்டித்தால் செப்டம்பர் இறுதியில் பத்தாயிரத்துக்கு மேல். மே மாதத்தில் ஒருவர் அரைமணி நேரத்தில் கையால் எடுக்கக்கூடியது, மழைக்கு முந்தைய வாரத்தில் இயந்திரமும் லாரியும் கேட்கிறது. மேலாண்மையின் பாதி இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

மீதிப் பாதி கழிவுநீரில். ஆகாயத்தாமரை முழு வேகத்தில் வளர ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஐந்தாறு மில்லிகிராம் நைட்ரஜனும் அதைவிடக் குறைவான பாஸ்பரஸும் போதும். வீட்டுக் கழிவுநீரில் நைட்ரஜன் அதைப்போலப் பல மடங்கு. சிறுநீரும் மலமும் சோப்பும் சமையலறைக் கழிவும் அதற்கு உரம். சென்னை 2011-ல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்த புறநகர்ப் பகுதிகள் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை அதற்குப் பின்னரே ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. மழைநீர் வடிகாலில் இணைப்புக் கொடுப்பதும், லாரியில் ஏற்றிய செப்டிக் டேங்க் கழிவை இரவில் கால்வாயில் திறந்துவிடுவதும் நின்றபாடில்லை. தியாகராய நகரின் நீர் மாம்பலம் கால்வாய் வழியே அடையாற்றில் இறங்குகிறது. மயிலாப்பூரின் பின்னால் பறக்கும் ரயிலின் தூண்களுக்கு அடியில் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிறது. நகரத்தின் நடுவிலுள்ள வீட்டுக் கழிவறைக்கும் நொச்சிக்குப்பத்து வலைக்கும் இடையே உள்ள வழி அவ்வளவுதான்.

செடி மூடிய நீருக்குக் கீழே நடப்பது கண்ணில் படுவதில்லை. வெளிச்சம் இறங்காததால் பாசியும் நீருக்குள் வாழும் தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாமல் சாகும். காற்று நீரில் கரைவது குறையும். மேலிருந்து அழுகி விழும் இலைகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மிச்சமிருந்த ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். மீன்கள் மறைந்து, மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த சில வகைகள் மட்டும் தங்கும். கொசுப்புழுவைத் தின்னும் மீன் போனபின் கொசுவுக்குக் கொண்டாட்டம். கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இந்தப் பச்சைக் கூரை பாதுகாப்பு. மருந்து தெளித்தாலும் இலைக்கு அடியில் இறங்காது. மான்சோனியா என்ற கொசு இன்னும் தந்திரமானது. அதன் புழு மேலே வந்து மூச்சு விடுவதே இல்லை. மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து, வேருக்குள் இருக்கும் காற்றை எடுத்துக்கொள்கிறது. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் ஒரு வகை யானைக்கால் நோயைப் பரப்பியது இந்தக் கொசுதான். புதுச்சேரியின் கொசு ஆய்வு மையம் 1980-களில் அங்கே நடத்திய ஒழிப்புத் திட்டத்தில் குளத்துச் செடிகளை அகற்றுவதே முக்கிய வேலையாக இருந்தது.

வெள்ளக் காலத்தில் ஆபத்து வேறு. மிதக்கும் பாய்கள் ஒன்றோடொன்று பிணைந்து பாலத் தூண்களிலும் கல்வெர்ட்டு வாய்களிலும் அடைத்துக்கொள்ளும். பின்னால் நீர் மட்டம் உயரும், பக்கத்துத் தெருவுக்குள் நுழையும். அடைப்பு ஒரே மூச்சில் உடையும்போது மொத்தமும் கடலை நோக்கி விரையும்.

கடல் அதற்கு முடிவிடம். ஆகாயத்தாமரைக்கு உப்பு ஆகாது. லிட்டருக்கு ஆறு முதல் எட்டு கிராம் உப்பு இருந்தாலே செடி கருகத் தொடங்கிவிடும். கடல் நீரில் இருப்பது ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம். அடையாற்றில் கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகப் பகுதியில் கோடையில் செடி அவ்வளவாகத் தெரியாததற்கும், உப்பு எட்டாத மேல்பகுதிகளில் அடர்ந்து கிடப்பதற்கும் காரணம் இதுவே. இதில் ஒரு பாடம் இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் திட்டு சேர்ந்து வாய் அடைபட்டால் உப்புநீர் உள்ளே வருவது நிற்கும். நல்ல நீரும் சாக்கடையும் தேங்கும். செடி கீழ்நோக்கி இறங்கி வர இடம் கிடைக்கும். முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது இறாலுக்கும் மடவைக்கும் வழிவிடுவதோடு, காசில்லாமல் கிடைக்கும் களைக்கட்டுப்பாடாகவும் ஆகிறது. வாய் எப்போது அடையும், எந்தப் பக்கம் திட்டு வளரும் என்பதைச் சீனிவாசபுரத்திலும் ஊரூர் குப்பத்திலும் வீச்சு வலை போடுபவர்கள் எந்தக் கருவியும் இன்றிச் சொல்வார்கள். அந்த அறிவைக் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கம் அலுவலகங்களுக்கு இன்னும் வரவில்லை.

அகற்றும் வேலைக்கு வருவோம். சென்னை மாநகராட்சி தன் கால்வாய்களில் நீரிலும் சேற்றிலும் இயங்கும் ஆம்பிபியன் வண்டிகளையும், ரோபோட்டிக் எக்ஸ்கவேட்டர் எனப்படும் இயந்திரங்களையும் பயன்படுத்துகிறது. ஆறுகளும் பெரிய ஏரிகளும் நீர்வளத் துறையின் பொறுப்பு. பருவமழைக்கு முன் ஆகஸ்ட், செப்டம்பரில் வேலை சூடு பிடிக்கும். வேலை செய்பவர்களின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்குதான் எதிராக இருக்கிறது. அடர்ந்து வளர்ந்த ஒரு ஹெக்டேர் ஆகாயத்தாமரை 400 டன் வரை எடை வரும். அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெறும் தண்ணீர். டீசல் எரித்து லாரியில் ஏற்றிப் போவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். அதனால் பல இடங்களில் வாரிய செடியைக் கரையிலேயே குவித்து உலர விடுகிறார்கள். உலர விடுவது சரியான முறைதான். குவியல் வெள்ளம் எட்டாத மேட்டில் இருக்க வேண்டும், உலர்ந்ததும் அங்கிருந்து போய்விட வேண்டும். கரைச் சரிவிலேயே விட்டால் அக்டோபரின் முதல் பெருமழை அதை ஆற்றுக்கே திருப்பித் தரும். இயந்திரத்தின் கையில் துண்டாகி நழுவிய கொடிகளும் கீழே மிதந்து போய் வேறிடத்தில் குடியேறும். கீழ்ப்பக்கம் ஒரு மிதவைத் தடுப்புக் கட்டிவிட்டு, மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் இந்த இழப்பு குறையும். நகரத்துக்குள் உள்ள கால்வாயைச் சுத்தம் செய்துவிட்டு மேலே உள்ள ஏரிகளை அப்படியே விடுவது வீண். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் நீரும் இதே ஆற்றுக்குத்தான் வருகிறது. செடியின் நாற்றங்கால் அங்கே.

களைக்கொல்லி தெளித்தால் செலவு குறையும், சில வாரத்தில் செடி காய்ந்துவிடும். பல நாடுகள் 2,4-டி, கிளைபோசேட் ஆகியவற்றைப் பயன்படுத்தியிருக்கின்றன. ஆனால் கொன்ற செடி நீரிலேயே அழுகும். அழுகலில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும். உறிஞ்சியிருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீருக்கே திரும்பி அடுத்த தலைமுறைச் செடிக்கு உரமாகும். மக்கள் மீன்பிடித்துச் சாப்பிடும் கழிமுகத்துக்கு மேலே இதைச் செய்வது ஏற்கத்தக்கதல்ல.

அமேசானில் விட்டுவந்த எதிரிகளை அழைத்து வருவது மூன்றாவது வழி. இதில் இந்தியாவுக்கு மதிக்கத்தக்க வரலாறு உண்டு. 1982-ல் நியோகெட்டினா என்ற பேரினத்தைச் சேர்ந்த இரண்டு கூன்வண்டு இனங்கள் அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்கு வந்தன. பயிர்களைத் தின்னுமா என்று தனிமைக் கூண்டில் பலவகைச் செடிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆகாயத்தாமரையைத் தவிர வேறெதிலும் அவை வாழ்க்கைச் சுழற்சியை முடிக்கவில்லை. பின்னர் பெங்களூர் ஏரிகளில் விடப்பட்டன. வளர்ந்த வண்டு இலையைச் சுரண்டித் தின்னும். புழு காம்பைக் குடைந்து அடிக்குருத்துக்குப் போகும். குடைந்த வழியே நீர் புகுந்து, காற்றறை நிரம்பி, செடி கனத்து மூழ்கும். ஓரிரு ஏரிகளில் சில ஆண்டுகளில் செடி பெருமளவு ஒழிந்தது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் உகாண்டா 1995-ல் இதே வண்டுகளை விட்டது. 1998 வாக்கில் உச்சத்தில் இருந்த படர்வு அதற்கடுத்த சில ஆண்டுகளில் சரிந்தது. வண்டுகளோடு எல் நினோ ஆண்டின் புயலும் அலையும் உதவின என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

அதே பெங்களூரில் கழிவுநீர் தொடர்ந்து கொட்டிய பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் பின்னர் செடியால் மூடிக் கிடந்ததையும் மறக்கக் கூடாது. வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி வளரும் வேகம் அதிகமானால் வண்டு தோற்கும். விக்டோரியா ஏரியிலும் பெருமழை சத்துகளை அடித்து வந்தபின் 2006-07 வாக்கில் செடி திரும்பியது. ஓடும் ஆற்றிலும், ஆண்டுதோறும் இயந்திரம் வழித்துவிடும் கால்வாயிலும் வண்டுகள் நிலைகொள்ள முடியாது. செடியோடு அவையும் குப்பைக்குப் போகும். சென்னைக்குப் புறத்தே உள்ள, நீர் ஓரளவு நிலையாக நிற்கும் ஏரிகளே அவற்றுக்கு ஏற்ற களம். அங்கும் ஓர் ஓரத்தில் வண்டு வாழச் சிறிது செடியை விட்டுவைக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஓராண்டு டெண்டர்களால் நடக்கும் நிர்வாகத்துக்கு இந்தப் பொறுமை கடினம். ஆனால் வேறு குறுக்குவழி இல்லை.

செடியைப் பொருளாக்கலாமே என்ற யோசனை அடிக்கடி எழும். கேரளத்தில் கொடுங்கல்லூர்ப் பகுதிப் பெண்கள் உலர்ந்த தண்டில் கூடையும் பையும் முடைகிறார்கள். குவாஹாட்டி அருகே தீபோர் பீல் ஏரிக்கரையில் மீனவச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு இளம்பெண்கள் 2021-ல் இதிலிருந்து யோகா பாய் நெய்து பெயர் பெற்றார்கள். அவர்களுக்குக் கிடைத்த வருமானம் உண்மையானது, போற்றத்தக்கது. ஒரு நகரத்தின் ஆற்றைக் கைத்தொழில் சுத்தம் செய்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க முடியாது, அளவு அப்படி. எருவாக்குவது அதிகம் பயன்படும் வழி. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்த வேர் காட்மியம், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஆற்றிலிருந்து எடுத்ததைச் சோதிக்காமல் காய்கறித் தோட்டத்துக்கு உரமாக்கக் கூடாது. ஊர்க்குளத்துச் செடிக்கு இந்தக் கவலை குறைவு.

2022-ல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. அது காடுகளை முதன்மையாகப் பார்க்கிறது. உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் போன்றவை அதில் பேசப்படுகின்றன. நகரத்து நீரில் வளரும் ஆகாயத்தாமரைக்கு அதேபோன்ற ஒருமித்த திட்டம் தேவை. இப்போது ஆறு நீர்வளத் துறையிடம், கால்வாய் மாநகராட்சியிடம், சாக்கடை குடிநீர் வாரியத்திடம், கடற்கரையில் ஒதுங்கிய குவியலை அள்ளுவது மீண்டும் மாநகராட்சியிடம், கிழிந்த வலை மீனவரிடம். செடிக்கு இந்த எல்லைகள் தெரியாது. மேலேயுள்ள ஏரி முதல் முகத்துவாரம் வரை ஒரே பட்டியல், ஒரே நாட்காட்டி, பிப்ரவரி முதல் மே வரை சேற்று நாற்றையும் சிறு கூட்டங்களையும் தேடி எடுக்கும் நிரந்தரக் குழு, அந்தக் குழுவில் கூலியோடு இடம்பெறும் கழிமுக மீனவர்கள், செடி கரையொதுங்கி வலை கிழிந்தால் இழப்பீடு: நொச்சிக்குப்பம் கேட்பதற்கு உரிமையுள்ள குறைந்தபட்சம் இவை. கழிவுநீர் ஆற்றில் இறங்குவது குறையாமல் இதில் எதுவும் நிலைக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பூ அழகுக்காகத் தொட்டியிலும் மொட்டைமாடிக் குளத்திலும் வளர்க்க ஆகாயத்தாமரை இன்றும் விற்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனையையும் வளர்ப்பையும் 2016-ல் தடை செய்தது. அதை வாங்காதீர்கள், அல்லியோ தாமரையோ வையுங்கள். ஏற்கெனவே இருந்தால் கால்வாயிலோ ஏரியிலோ கோயில் குளத்திலோ கொட்டாமல், சிமென்ட் தரையில் பரப்பி வேர் முறுகும்வரை வெயிலில் காயவைத்து, பிறகு குப்பையில் சேருங்கள். வீட்டுக் கழிவுநீர் இணைப்பு மழைநீர் வடிகாலில் போகிறதா என்று இந்தக் கோடையிலேயே பாருங்கள். தெருக்கோடிக் கால்வாயில் பத்துச் செடி மிதக்கக் கண்டால் மழைக்காலம் வரை காத்திராமல் அன்றே மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள்.